உடுத்தி நிற்கும் ஆலயங்கள்

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து பஹிர் தாருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது என் பாக்கியம். கீழே அறுவடை முடிந்த நிலம், பழைய கோணிச் சாக்கை விரித்துப்போட்டது போலக் கண்ணுக்கெட்டிய மட்டும் பழுப்பாகக் கிடந்தது. அந்தச் சாக்கில் அங்கங்கே பச்சைத் துணியால் ஒட்டுப்போட்ட மாதிரி, வட்டவட்டமாக மரக்கூட்டங்கள். வட்டத்துக்கு நடுவில் ஒரு தகரக் கூரை மின்னியது. எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். யாரோ பண்ணையார்களின் தோப்பு என்றுதான் நினைத்தேன். மின்னியவை எல்லாம் கிறிஸ்தவ ஆலயங்கள் என்று இறங்கிய பிறகு தம்பி சொன்னான்.

தம்பி என்றது சித்தி மகனை. எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தப் போன தமிழ் ஆசிரியர்கள் நிறையப் பேர். அவனும் அப்படிப் போனவன்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளிலிருந்து புனித நாட்டுப் பயணம் என்று கூட்டமாக எருசலேமுக்குப் போய், யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருவார்கள். நானும் அதற்குத்தான் பணம் சேர்த்து வைத்திருந்தேன். "அண்ணே, எருசலேம் எங்கேயும் போய்விடாது. திம்கத் திருநாளுக்கு இங்கே வாருங்கள்" என்று அவன் இழுத்ததில், 2019 ஜனவரியில் கிளம்பிவிட்டேன். போய் இறங்கினால் அங்கே ஆண்டு 2011. அவர்களுடைய நாட்காட்டி நமக்கு ஏழெட்டு வருஷம் பின்னால் நடக்கிறது. வயது குறைந்த சந்தோஷத்தோடு ஊருக்குள் நுழைந்தேன்.

திம்கத் என்பது இயேசு யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றதை நினைக்கும் நாள். முந்தைய நாள் மாலையிலேயே ஆலயங்களிலிருந்து 'தாபோத்' என்னும் உடன்படிக்கைப் பலகையைப் பட்டில் சுற்றி, குருமார்கள் தலையில் சுமந்து நீர்நிலைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். இரவெல்லாம் விழிப்பு. 19ஆம் தேதி காலையில் ஜெபித்த தண்ணீரைக் கூட்டத்தின்மேல் வாரி இறைக்கிறார்கள். நானும் நனைந்தேன். அந்த முரசுச் சத்தத்தையும் வெள்ளைத் துணி போர்த்திய ஜனக்கடலையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தது மரங்களைப் பற்றி.

மறுநாள் தானா ஏரியில் படகேறி செகே தீபகற்பத்துக்குப் போனோம். துறையிலிருந்து ஊரா கிதானே மெஹ்ரத் ஆலயத்துக்குக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். இந்தத் தீபகற்பத்தை இப்படி ஆக்கியவர் பெத்ரெ மரியாம் என்ற துறவி என்கிறார்கள். பெயருக்கே 'மரியாளின் கோல்' என்று பொருள். அவர் தம் கைக்கோலை முறித்து ஊன்ற, அதிலிருந்து முளைத்தவற்றுள் ஒன்றுதான் காப்பி என்பது ஐதிகம். இங்கே உழக்கூடாது, மாடு மேய்க்கக்கூடாது என்பது அவர் காலத்திலிருந்து வரும் கட்டுப்பாடாம். உழவு இல்லை, மேய்ச்சல் இல்லை. அப்புறம் எப்படிப் பிழைப்பது? காப்பிதான் பிழைப்பு. காப்பிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். துறவி கெட்டிக்காரர்.

அதற்காக ஏதேன் தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். துறையில் கோரையால் கட்டிய படகொன்றில் விறகுக் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. மோசேயை வைத்து விட்ட நாணற்பெட்டி இப்படித்தான் இருந்திருக்கும் என்று படகை நான் ரசித்துக்கொண்டிருக்க, "விறகெல்லாம் பஹிர் தாருக்குப் போகிறது, அண்ணே" என்றான் தம்பி.

ஆலயம் வட்டமானது, கூம்புக் கூரை. பாதரட்சையைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் உள்வட்டச் சுவர் முழுவதும் வண்ண ஓவியங்கள். அவற்றுக்கு அப்பால் மக்தஸ் என்னும் மகா பரிசுத்த இடம். குருமார்களைத் தவிர யாரும் நுழைய முடியாது. வெளிவட்டம், நடுவட்டம், உள்வட்டம் என்று பரிசுத்தம் கூடிக்கொண்டே போகிறது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: சுற்றியிருந்த காட்டையும் ஒரு வட்டமாகச் சேர்த்து எண்ண வேண்டும்போலும்.

அது வெறும் தோன்றல் இல்லை என்று தெரிந்தது அடுத்த நாள். பஹிர் தாருக்குக் கிழக்கே தெப்ரெ தாபோர் போகும் சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வழியில் இறங்கி, ஒரு கிராமத்து ஆலயத்துக்கு அறுத்த பயிரின் தாள்மேல் நடந்து போனோம். மேட்டுநில வெயில் குளிரோடு சேர்ந்து சுடுகிற வெயில். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடந்திருப்போம். இடுப்பளவு கல் சுவர் ஒன்று வந்தது. அதன் இடைவெளியில் இருந்த படலைத் தள்ளி உள்ளே ஓர் அடி வைத்ததும் வெயில் அறுந்துவிட்டது. மட்கிய இலையின் ஈர வாசனை. காலடியில் மெத்தென்று சருகு. தலைக்கு மேலே ஏதோ ஒரு பெரிய பறவை கிளை மாறியது. பார்க்க முடியவில்லை, இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டது.

வந்தவர் வயதான குரு. அங்கே இப்படிப்பட்டவர்களை 'அப்பா' என்றுதான் அழைக்கிறார்கள். நம்முடைய அப்பாவேதான் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது புதிய ஏற்பாட்டில் வரும் 'அப்பா, பிதாவே'வின் உறவு. எப்படியோ, முன்பின் தெரியாத ஒருவரை வாய் நிறைய அப்பா என்று அழைக்கக் கிடைத்தது. அவர் நீட்டிய கைச்சிலுவையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டோம்.

அவர் மரங்களைக் காட்டிக்கொண்டே நடந்தார், தம்பி பெயர்களைத் திருப்பிச் சொன்னான். தித் என்றால் காட்டுச் சவுக்கை போல நிமிர்ந்த ஜூனிபர். வெய்ரா என்பது காட்டு ஒலிவம்; அதன் புகையைப் பால் பாத்திரத்துக்குக் காட்டுவார்களாம். வான்சா நம் ஊர் நறுவிலியின் இனம். அப்புறம் ஷோலா. பெயரைக் கேட்டதும் சோலை என்று காதில் விழுந்து நின்றுவிட்டேன். தற்செயல் ஒற்றுமைதான். ஆனால் அந்த மரம் காட்டத்தி! சகேயு ஏறினானே, அதே காட்டத்தி. ஓய்வுநாள் பள்ளியில் நூறு தடவை பாடியும் நடித்தும் காட்டிய மரத்தை ஐம்பத்து மூன்றாம் வயதில் எத்தியோப்பியாவில் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். அடிமரம் தாழக் கிளைத்து அகலமாக இருந்தது. குள்ளன் ஒருவன் ஏறுவதற்குச் சிரமமே இல்லை.

"சுற்றுச்சூழலைப் பற்றிப் பிரசங்கம் செய்வீர்களா?" என்று தம்பி மூலம் கேட்டேன். அப்பாவுக்குக் கேள்வியே புரியவில்லை. தம்பி இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் அவர் தம் தோளில் கிடந்த வெள்ளைத் துணியை விரலால் தூக்கிக் காட்டினார். மரமில்லாத ஆலயம் துணியில்லாத மனிதன் மாதிரி என்றார். அந்தப் பக்கம் புழங்கும் சொலவடையாம் அது.

இந்த மேட்டுநிலத்தில் எஞ்சியிருக்கும் பழைய காடு பெரும்பாலும் ஆலயங்களைச் சுற்றித்தான். மற்றதெல்லாம் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் போய்விட்டது. தெற்கு கோண்டர் வட்டாரத்தில் மட்டும் சுமார் 1,400 ஆலயங்கள். அந்த மண்ணில் பிறந்த அலெமாயெஹு வாசியே என்ற வன ஆய்வாளர் இவற்றை ஆராய்ந்து நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2007இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரும் கூட்டாளிகளும் 28 ஆலயக் காடுகளில் 168 வகை மரம், செடி, கொடிகளைக் கணக்கெடுத்தார்கள். காடு நிற்கிறதே தவிர, புதிய கன்று எழவில்லை என்பதும் தெரியவந்தது. உள்ளே புகும் மாடுகள் முளையைத் தின்றுவிடும், தப்பியதை மிதித்துவிடும். கிழ மரங்கள் மட்டுமே உள்ள காடு, பிள்ளை இல்லாத வீடு போலத்தானே.

அதற்குத்தான் அந்த இடுப்பளவுச் சுவர். வாசியேவும் மார்கரெட் லோமன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளரும் குருமார்களோடு உட்கார்ந்து பேசியதில் பல ஆலயங்களில் சுவர் எழுந்தது. கல்லுக்குச் செலவில்லை, வயலில் கிடப்பதைப் பொறுக்கி அடுக்க வேண்டியதுதான். கல் போனால் உழவனுக்கும் ஏர் சுலபமாக ஓடும். அப்பா சுவரின் உள்பக்கம் குனிந்து சருகை விலக்கிக் காட்டினார். விரல் உயரத்தில் நாலைந்து ஒலிவக் கன்றுகள். சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றடி தள்ளி, மாடு மொட்டையாக மேய்ந்த தரை.

எல்லா ஆலயமும் இப்படி இல்லை. திரும்பும் வழியில் பார்த்த ஒன்றைச் சுற்றி யூகலிப்டஸ் வரிசை. மெனெலிக் மன்னர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்த மரம். 'பஹிர் ஸாஃப்' என்கிறார்கள், கடல் கடந்து வந்த மரம் என்று அர்த்தம். சீக்கிரம் வளரும், வெட்டி விற்றால் கூரைத் தகரம் வாங்கலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊர் ஆலயம் நினைவுக்கு வந்தது. வளாகத்தில் நான்கு வேம்பு, இரண்டு பூவரசு. என் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் அந்த நிழலில்தான் பந்தி உட்கார்ந்தார்கள் என்று அம்மா சொல்வார். சில வருஷங்களுக்கு முன், கார் நிறுத்த இடமில்லை, இலை விழுந்து குப்பையாகிறது என்று ஆறையும் வெட்டி, சிவப்பும் சாம்பலுமாகச் சிமென்ட் கல் பதித்தோம். 'பதித்தார்கள்' என்று எழுதத்தான் கை போகிறது. கமிட்டியில் நானும் இருந்தேன், கையெழுத்தும் போட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் சுற்றுச்சூழல் ஞாயிறு தவறாமல் கொண்டாடுகிறோம். ஆளுக்கொரு கன்று கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, "பண்படுத்தவும் காக்கவும்" என்ற ஆதியாகம வசனத்தை வாசிக்கிறோம். நடுவதற்கு எங்களிடம் மண் இல்லை. அதே ஊரில் அய்யனார் கோயில் காடு இன்னும் நிற்கிறது. அங்கே ஒரு சுள்ளி பொறுக்கக்கூட என் பாட்டி விட மாட்டார், இத்தனைக்கும் அவர் வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போனவர்.

கிளம்பும்போது அப்பா எங்களைச் சுவர் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். வயலில் கிடந்த கற்களைக் காட்டி ஏதோ சொன்னார். வந்து போகிறவர்கள் ஆளுக்கொன்று வைக்க வேண்டுமாம். தாளுக்குள் புதைந்து கிடந்த ஒன்றைப் பெயர்த்தேன். கறுப்பு மண் ஒட்டியிருந்தது, எதிர்பார்த்ததைவிடக் கனம். தம்பி வைத்த கல் சரிந்து என் காலருகே விழுந்தது. அப்பா சிரித்துக்கொண்டே அதை எடுத்து, தட்டையான பக்கம் கீழே வரும்படி திருப்பி வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஊருக்கு வந்ததும் கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். மேற்கு மூலையில் மட்டும் கல்லைப் பெயர்த்துவிட்டு ஒரு வேம்பு வைக்கலாம், தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு என்றேன். நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் பந்தல் போட அந்த இடம் வேண்டும், அது முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு அசனம் முடிந்துவிட்டது.