இவ்வளவுதானா, சாமி?

ஓரியூர் என்றாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிவப்பு மண்தான் நினைவுக்கு வரும். திருவாடானை தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் வானம் பார்த்த வயல்களும்தான். பேருந்தை விட்டு இறங்கிக் கோயிலுக்குள் நுழைந்தால், வருகிறவர்கள் முதலில் குனிந்து மண்ணைத் தொடுகிறார்கள். நெற்றியில் பூசுகிறார்கள், கைக்குழந்தையின் வயிற்றில் தடவுகிறார்கள், ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார்கள். புனித அருளானந்தர் சிந்திய ரத்தத்தில் சிவந்த மண் என்பது நம்பிக்கை. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், மட்டும் வருகிற கோயிலும் இல்லை இது. முடி இறக்க, காது குத்த, கிடா வெட்டிச் சமைத்துப் போட என்று எல்லாச் சனமும் வரும்.

சித்திதான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தாத்தா காலமானதும் நிலத்தைப் பங்கு பிரித்ததில் அவருக்கும் என் தாய்மாமாவுக்கும் பேச்சு நின்றுவிட்டது. மாமா படுத்த படுக்கையானபோது "தங்கச்சியை வரச் சொல்லுங்க" என்று ஆள் விட்டார். சித்தி போகவில்லை. இழவுக்குத்தான் போனார். அதிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது), எந்தச் சாமியாரிடமும் அதே பாவம். தவக்காலம் வந்தால் உபவாசம் வேறு. வேளாங்கண்ணியில் மணலில் முட்டி போட்டு நடந்து, தோல் உரிந்து வந்த வருஷமும் உண்டு.

அருளானந்தர் லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. இயேசு சபைக் குருவாக மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்து, காவி உடுத்திப் பண்டாரச் சாமியாக ஊர் ஊராகத் திரிந்தார். 1686இல் பிடித்து வதைத்து விரட்டினார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருந்துவிடவில்லை. 1690இல் திரும்பி வந்தார். மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானதும், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள். (அவள் பக்கம் நின்று யோசித்தால் அந்தக் கோபத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது.) கிழவன் சேதுபதி சாமியாரை ஓரியூருக்கு அனுப்பினார். 1693 பிப்ரவரி 4, புதன்கிழமை, அங்கே தலை வெட்டப்பட்டது. அது திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்குகிற நாள்.

வெட்ட வந்த ஆள் தயங்கி நின்றபோது, செபத்தை முடித்து எழுந்த அருளானந்தர் அவனைக் கட்டித் தழுவி, உனக்கிட்ட கட்டளையை நிறைவேற்று என்றாராம். அவன் மன்னிப்புக் கேட்டதாக நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை. கேட்கிற நேரமும் அவனுக்கு இருந்திருக்காது. அரிவாள் கையில் இருக்கும்போதே தழுவல் கிடைத்துவிட்டது.

பூசைக்கு முன்னால் மரத்தடியில் நாற்காலி போட்டு ஒரு சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி வரிசையில் நின்றார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை.

"என்ன சித்தி, திட்டினாரா?"

"திட்டியிருந்தாத்தான் பரவாயில்லையே. இதை முன்னாலே சொல்லியிருக்கீங்களாம்மான்னு கேட்டாரு. வருஷா வருஷம் சொல்றேன் சாமின்னேன். அப்ப அது எப்பவோ மன்னிச்சாச்சு, இனிமே அதைச் சொல்லாதீங்கன்னுட்டாரு. அபராதம் என்ன தெரியுமா? ஒரு பரலோக மந்திரம். ஒண்ணே ஒண்ணு. இவ்வளவுதானா சாமின்னு வாய்விட்டே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"இதையே ஒழுங்காச் சொல்லுங்க, கஷ்டம்தான்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்தச் சாமியார் விவரமான ஆள். ஐம்பத்து மூன்று மணி செபமாலையை அபராதமாகக் கொடுத்திருந்தால் சித்தி சந்தோஷமாக முடித்துவிட்டு, அடுத்த வருஷம் அதே பாவத்தோடு வந்திருப்பார். நம் ஆட்களுக்குக் கடனை அடைத்துப் பழக்கம், சும்மா வாங்கிக்கொள்ளத்தான் கூச்சம். நேர்த்திக்கடன் என்றால் கிடா வரைக்கும் போவோம். சாமி ஒன்றும் கேட்காமல் கொடுத்தால், இதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும்.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில், பன்றிகளோடு கிடந்த இளைய மகன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறான். பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டைச் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்லவே இல்லை. அதற்குள் அப்பா ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். சித்தி இத்தனை காலமும் அந்த மூன்றாவது வரியைச் சொல்லி முடிக்கத்தான் கோயில் கோயிலாக அலைந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. கூலிக்காரனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. வேலை செய்தோம், கணக்குத் தீர்ந்தது என்று தலை நிமிர்ந்து நிற்கலாம். மகனாக உள்ளே போய் உட்கார்ந்தால் அந்தச் சாப்பாட்டுக்கு நாம் எதுவும் கொடுக்கவில்லை என்பது ஒவ்வொரு கவளத்திலும் தெரியும்.

சித்தி தலைவெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மண்ணில் முழந்தாளிட்டார். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று உதடு அசைந்தது. நடுவில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்கிற இடம். மாமாவும் சும்மா இருந்தவர் இல்லை. கிணற்றோடு இருந்த வயலை அவர்தான் எழுதி வாங்கிக்கொண்டார். சித்திக்கு வந்தது மேட்டு நிலம். தன் பாவத்தையே பேசிக்கொண்டிருந்த வரைக்கும் சித்திக்கு அந்தக் கிணற்றுப் பக்கம் போக வேண்டிய வேலை இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அந்த மந்திரத்தை எப்போது முடித்தார் என்று நான் கவனிக்கவில்லை. பூசை மணி அடித்தபோது எழுந்து, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்கு நாங்கள் எதுவும் கொண்டு போகவில்லை. முடி இறக்க வந்த குடும்பம் ஒன்று வழியில் போன எங்களை மறித்துப் பந்தியில் உட்கார வைத்தது. யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்பே இலையில் சோறு விழுந்துவிட்டது. சித்தி ரெண்டாம் முறையும் குழம்பு வாங்கிக்கொண்டார். எழுந்த பிறகு, அந்தப் பிள்ளையின் கையில் காசு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். "பேசாம வாங்க சித்தி" என்றேன்.

பேருந்தில் தேவகோட்டை வரும்வரை தூங்கிக்கொண்டு வந்தவர், எழுந்ததும் கேட்டார்: "அண்ணன் மகன் புது வீட்டுக்குப் பத்திரிகை வச்சிட்டுப் போனானே, எந்தத் தேதிடா?"

"அடுத்த மாசம். போறீங்களா?"

"போகணும்ல. மொய் ஐந்நூறு எழுதினாப் போதுமா, ஆயிரமா எழுதிரலாமா?"