பங்குனியில் தாமிரபரணிக் கரை

திருநெல்வேலிக்காரனுக்குத் தாமிரபரணியைப் பற்றிப் பெருமை பேசத் தெரியும். அதன் கரையில் நடக்கத்தான் தெரியாது. நானும் அந்த ரகம்தான். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. இந்தப் பங்குனியில் ஊருக்குப் போனபோது, வெயில் ஏறுவதற்குள் குறுக்குத்துறையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் வரை நடந்தேன்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகு முனை மாதிரி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடிவிடும். ஆறு பெருகினால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையிலேயே செதுக்கியவர். அவர் எங்கே போவார்? முங்கியபடி அங்கேயே இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தக் கோயில் மூழ்கிக் கிடந்ததை டிவியில் பார்த்திருக்கிறேன். இப்போது படித்துறையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். காலை விட்டதும் பொடி மீன்கள் வந்து குதிகாலில் வெடித்த தோலாகப் பார்த்துக் கொத்தின. கூச்சம் தாங்கவில்லை, ஆனால் காலை எடுக்கவும் மனசில்லை.

அங்கிருந்து பாதை ஒழுங்காகக் கிடையாது. கொஞ்ச தூரம் கரை, அப்புறம் தெருவுக்குள் ஏறி, மறுபடி ஏதாவது ஒரு சந்தில் இறங்க வேண்டும். புங்க மரத்தடியில் பொரியைக் கொட்டினது போல் பூ உதிர்ந்து கிடந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருத்தி, "எய்யா, அங்கன பாசி கெடக்கு, வழுக்கும். மேல ஏறிப் போ" என்றாள். அவள் சொன்ன சந்தில் ஏறினால் மீனாட்சிபுரம். பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளில் சுற்றிய தெருதான். அதன் கடைசியில் ஆற்றுக்கு இறங்க வழி இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

ஓரிடத்தில் சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. அல்வா ருசிக்கே இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று போகிற ஊரிலெல்லாம் சொல்கிறோம். இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

பாலத்தைக் கீழே நின்று பார்த்தால்தான் அதன் அழகு தெரிகிறது. அந்தக் காலத்தில் ஆற்றைத் தாண்டப் படகைத்தான் நம்பியிருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார் என்ற பெரிய பதவியில் இருந்த சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலம், 1843இல் திறந்தார்கள். மொத்தம் 11 வளைவுகள். மேலே பஸ்ஸில் போகிறவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. எண்ணிப் பார்த்தேன், பாதியில் புதர் மறைத்துவிட்டது.

எதிர்க்கரையில் கொக்கிரகுளம். அடுத்து அந்தப் பக்கம் நடக்க வேண்டும். சித்திரை பிறந்துவிட்டால் காலையிலேயே மணல் சுட ஆரம்பித்துவிடும். அதற்குள் லீவு கிடைக்க வேண்டும்.