√2 அடுக்கின் பாதிச் சார்பு: கணக்கிட்டுப் பார்த்தது

இரண்டு தடவை பிரயோகித்தால் அடுக்குச் சார்பு வரவேண்டும். அப்படியொரு பாதிச் சார்பை எண்ணாகவே பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சிறுபோக அறுவடை முடிந்து கிளிநொச்சியில் இரவுகள் ஓய்வாகக் கிடைத்ததும் மடிக்கணினியில் பைதனைத் திறந்தேன். எடுத்துக்கொண்டது √2 ஐ அடியாகக் கொண்ட அடுக்குச் சார்பு: கொடுக்கும் எண்ணை √2 இன் அடுக்காக வைத்து மதிப்பைத் தருவது. அதற்கு 1 ஐக் கொடுத்தால் 1.41421, அதையே திரும்பக் கொடுத்தால் 1.63253. இப்படியே போய் 2 ஐ நெருங்கும். 2 நிலைத்த புள்ளி, அதாவது 2 ஐக் கொடுத்தால் 2 தான் வரும். 4 உம் நிலைத்த புள்ளிதான், ஆனால் பக்கத்தில் வருவதை அது தள்ளிவிடும்.

வழி ஷ்ரோடரின் சார்புச் சமன்பாடு (1871): சார்பைப் பிரயோகிப்பதை ஒரே எண்ணால் பெருக்குவதாக மாற்றித் தருவது. அதற்குத் தீர்வு உண்டென்று கணிதவியலாளர் கேனிக்ஸ் 1884 இல் நிறுவினார். 2 க்கு அருகே, 2 இலிருந்துள்ள தூரம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 0.6931 மடங்காகிறது. இது 2 இன் இயற்கை மடக்கை. பெருக்கலைப் பாதியாக்க அதன் வர்க்கமூலம் போதும்: 0.8326. ஆகவே சார்பைப் பல தடவை பிரயோகித்து முன்னே போய், தூரத்தை 0.8326 ஆல் பெருக்கி, அத்தனை தடவை √2 அடியில் மடக்கை எடுத்துத் திரும்பி வரவேண்டும். 1 க்குக் கிடைத்தது 1.2436. அதை மறுபடி கொடுத்தால் 1.4142. பார்க்கவே மனம் நிறைந்தது.

சிக்கல் தசம தானங்களில். 50 தடவை போனதும் தூரம் சுமார் 10⁻⁸ ஆகிவிடும். 2 இலிருந்து கழிக்கும்போது முன்னிலக்கங்கள் அடிபட்டுப் போகும். இன்னும் போனால் தோராயம் திருந்தும், இலக்கங்கள் கரையும். சாதாரண 16 இலக்கக் கணிப்பில் இந்த வழி எட்டு இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. தீர்வு எளிது: எண்ணை விட்டுவிட்டு, தூரத்தையே மாறியாக வைப்பது. அடுக்கிலிருந்து 1 ஐக் கழித்து நேரடியாகத் தரும் சார்பு பைதனிலேயே இருக்கிறது, அதன் நேர்மாறும் இருக்கிறது. இரண்டையும் போட்டதும் 100 தடவையளவில் ஏறக்குறைய முழு இலக்கங்களும் வந்தன.

அடுத்தது 4. அங்கே மடக்கையால் முன்னே போய் அடுக்கால் திரும்ப வேண்டும். 2 க்கும் 4 க்கும் இடையில், 3 இல், இரண்டு வழியிலும் ஒரே விடை. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, எல்லா இலக்கமும் பொருந்துதே, ரெண்டும் ஒண்டுதானே?" என்றார். நியாயமான கேள்வி. வேண்டிய அளவு இலக்கங்களோடு கணிக்கும் எம்பிமாத் என்ற பைதன் நூலகத்தில் 60 இலக்கம் வைத்து, 400 தடவைக்கு மேல் ஓட்டினோம். 24 தானங்களையும் தாண்டி ஒத்துப்போய், அப்புறம் பிரிந்தன!

இரண்டும் வேறு வேறு சார்புகள். ஒன்று 2 இல் பகுமுறையானது (அங்கே அடுக்குத் தொடராக விரிக்கக்கூடியது), மற்றது 4 இல். இடையில் ஒன்றின் மேல் மற்றது மிக மெல்லிய அலைபோல் ஆடுகிறது. 16 இலக்கங்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த அலை இருப்பதே தெரிந்திருக்காது. எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

இனி சைன் சார்பின் பாதி. 0 இல் அதன் வகையீடு 1 என்பதால் ஷ்ரோடர் உதவமாட்டார். பிரயோகிப்பதை 1 ஐக் கூட்டுவதாக மாற்றித் தரும் ஏபெலின் சமன்பாடு வேண்டும். நெருங்குவதும் படுமெதுவாகத்தான்: ந தடவைக்குப் பின் மதிப்பு ஏறக்குறைய √(3/ந). 0.001 க்கு வர 30 இலட்சம் தடவை வேண்டும், ஆகவே முதலில் அந்தத் தீர்வை 0 க்கு அருகே தரும் தொடரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.