முதல் வரி எங்கே தேங்குகிறது? பெரிய குவெரி முடிவை வர வரக் காட்டப் படித்த அனுபவம்

இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவில் எனக்கு வந்த முதல் கேள்வியே இதுதான். தேடினால் 2 லட்சம் வரிகள் வரை வரக்கூடிய ஒரு பக்கம் செய்திருந்தேன். பக்கத்துக்கு 50 வரி, கீழே பக்க எண்கள். "2,000-ஆவது பக்கத்தைச் சொடுக்கினால் டேட்டாபேஸ் எத்தனை வரிகளைப் படிக்கும்?" என்றார் தேர்வாளர். 50 என்றேன். தவறு. ஆஃப்செட், அதாவது 'இத்தனை வரிகளைத் தாண்டு' என்ற எண், கொடுத்தால் டேட்டாபேஸ் நேராக அந்த இடத்துக்குப் போய்விடாது. முன்னால் இருக்கும் 99,950 வரிகளையும் எடுத்து, எண்ணி, ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த 50-ஐத் தரும்.

"சரி, பக்கம் பிரிக்காமல் வர வரக் காட்ட முடியுமா?" என்று அடுத்த கேள்வி. "கர்சர் வைத்தால் போதும்" என்றேன். கர்சர் என்றால் முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவர உதவும் சுட்டி. அது பாதி விடைதான். திருத்திக்கொண்டு இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரத்தில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனதில் பதிய வேண்டியது: டேட்டாபேஸுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவே டேட்டாபேஸ் டிரைவர் (நிரலை டேட்டாபேஸோடு பேச வைக்கும் மென்பொருள்), நிரல், வெப் சர்வர், பிரவுசர் என்று பல இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தானாகவே எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடியது. ஒரே ஓர் இடம் பிடித்து வைத்தாலும் மற்ற இடங்களில் செய்த வேலை வெளியே தெரியாது. இது புரியாமல் நான் மூன்று நாள் குவெரியையே (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை) மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் டேட்டாபேஸைத் தொடாமல் தொடங்குங்கள். விநாடிக்கு ஒரு வரி வீதம் பத்து வரி அனுப்பும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, பிரவுசரில் பாருங்கள். ஒவ்வொன்றாக வந்தால் வழி திறந்திருக்கிறது. பத்து விநாடி காத்திருந்து மொத்தமாக வந்தால் நடுவில் ஏதோ தேக்குகிறது. எனக்கு மொத்தமாகத்தான் வந்தது. என் நிரலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தது. பின்னாலிருந்து வரும் பதிலைப் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) சேர்த்து அனுப்புவது அதன் இயல்பான அமைப்பு. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் புராக்ஸி பஃபரிங்கை நிறுத்தியதும் வரிகள் சொட்டத் தொடங்கின. பிஎச்பி எழுதுபவர்கள் அதன் அவுட்புட் பஃபரிங்கையும் பார்க்க வேண்டும். பதிலைச் சிறிதாக்கி அனுப்பும் ஜிசிப் சுருக்கமும் இதே போலத் தேக்கும்.

அப்புறம் டிரைவர். பைத்தானில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான டிரைவர் சைகோபிஜி2. அதன் சாதாரண கர்சர், பெயரில் கர்சர் என்றிருந்தாலும், குவெரியை இயக்கிய உடனே மொத்த முடிவையும் நம் நிரலின் நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும். கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்தால்தான் அது முடிவை டேட்டாபேஸிலேயே வைத்திருக்கும் சர்வர் பக்கக் கர்சர் ஆகிறது. அதில் சுற்றிவரும்போது 2,000 வரிகளாக எடுத்துவரும். ஜாவாவில் போஸ்ட்கிரெஸ் டிரைவருக்கு ஃபெட்ச் சைஸ் (ஒரு முறைக்கு எத்தனை வரி) சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு கட்டளையையும் தானாக முடித்துவிடும் ஆட்டோகமிட்டையும் நிறுத்த வேண்டும். வைவாவில் நான் விட்ட மீதிப் பாதி இதுதான்.

குவெரியில் வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை இருந்து, அதற்கேற்ற இன்டெக்ஸ் (முன்பே வரிசைப்படுத்தி வைத்த அட்டவணை) இல்லையென்றால் என்ன கர்சர் வைத்தும் முதல் வரி சீக்கிரம் வராது. எல்லா வரிகளையும் பார்த்து முடிக்காமல் எது முதல் என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா?

பிரவுசர் பக்கம்தான் என்னை அதிகம் படிக்க வைத்தது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் மூலம் கேட்டு, பதிலை ஜேசனாக (தரவை எழுதும் ஒரு வடிவம்) மாற்றச் சொன்னால் கடைசிப் பைட் வரும்வரை அது காத்திருக்கும். பதிலின் உடலிலிருந்து ரீடரை வாங்கித் துண்டு துண்டாகப் படிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஒரு ஜேசன் என்று சர்வர் அனுப்பினால் பிரிப்பது எளிது. ஆனால் துண்டு, வரியின் நடுவிலும் முடியலாம். மிச்சத்தை வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்க்க வேண்டும். தமிழ்த் தரவில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட். 'கி' என்றால் குறியோடு சேர்த்து 6. துண்டு அந்த 3 பைட்டுகளுக்கு நடுவிலேயே முடிந்தால் எழுத்து உடைந்து, கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரமாகத் தெரியும். பைட்டுகளை எழுத்தாக்கும் டெக்ஸ்ட்டிகோடரில் ஸ்ட்ரீம் தேர்வை இயக்கிவிட்டால், அரைகுறை பைட்டுகளை அது வைத்திருந்து அடுத்ததோடு சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. சோதனைத் தரவில் தமிழைக் கட்டாயம் சேருங்கள்.

டேபிளில் காட்டுகிறீர்கள் என்றால் சிஎஸ்எஸ்ஸில் டேபிள்-லேஅவுட்டை ஃபிக்ஸ்டு என்று வையுங்கள். இல்லாவிட்டால் புது வரிகள் வர வரப் பிரவுசர் நெடுவரிசை அகலத்தைத் திரும்பக் கணக்கிடும். படிப்பவர் கண்முன்னே கட்டங்கள் நகரும். வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டாமல் சில நூறாகச் சேர்த்து ஒட்டுவது நல்லது. 2 லட்சம் வரியையும் பக்கத்திலேயே விட்டுவைத்தால் ஸ்க்ரோல் திணறும். கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வரைவதுதான் வழி.

உண்மையில் பெரும்பாலான பக்கங்களுக்கு இவ்வளவும் தேவையில்லை என்பது என் கருத்து. கடைசியாகக் காட்டிய வரியின் தேதியையும் ஐடியையும் நினைவில் வைத்து, "இதற்கு அடுத்த 50" என்று கேட்டால் போதும். அந்த இரண்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸ் இருந்தால் எத்தனை தூரம் போனாலும் வேகம் குறையாது. நேராக 2,000-ஆவது பக்கத்துக்குத் தாவ முடியாது, அதுதான் இதன் விலை. அறிக்கை, ஏற்றுமதி போன்ற, முழுவதும் வேண்டிய இடங்களுக்கு ஸ்ட்ரீமை, அதாவது வர வரக் காட்டும் முறையை, வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வைவாவில் வரிகள் வந்துகொண்டிருக்கும்போதே தேர்வாளர் டேபை மூடிவிட்டார். "இப்போது அந்தக் குவெரி என்ன ஆனது?" என்றார். இதற்குத் தயாராகவே போயிருந்தேன். இணைப்பு அறுந்தால் கர்சரை மூடி டிரான்சாக்ஷனை (டேட்டாபேஸில் திறந்திருக்கும் வேலை) முடிக்கும்படி, எது நடந்தாலும் கடைசியில் இயங்கும் ஃபைனலி பகுதியில் எழுதியிருந்தேன். அப்படி முடிக்காவிட்டால் அது திறந்தபடியே கிடந்து, போஸ்ட்கிரெஸ் பழைய வரிகளைத் துப்புரவு செய்வதைக்கூடத் தடுக்கும். போஸ்ட்கிரெஸில் இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து காட்டினேன். என் குவெரி அங்கே இல்லை.