பிராண்டனுக்கு ஆள் வேண்டும்

நாமக்கல்லில் பதினான்கு ஆண்டுகள் லாரிப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, 2022 அக்டோபரில் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் கனடாவின் பிராண்டன் நகரில் வந்து இறங்கினேன். மானிட்டோபா மாகாணத்தில், வின்னிபெக்கிலிருந்து ஏறத்தாழ 215 கிலோமீட்டர் மேற்கே, அசினிபாயின் ஆற்றங்கரையில் இருக்கிறது இந்த ஊர். கோதுமை நகரம் என்பது இதன் பட்டப்பெயர். மாகாணத்தின் இரண்டாவது பெரிய நகரம் என்றாலும், 2021 கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் 51,313 பேர்தான்.

2019இல் கனடிய அரசு பதினொரு சிறிய ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு முன்னோட்டக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. பிராண்டன் அவற்றில் ஒன்று. உள்ளூர் முதலாளி ஒருவர் வேலை தர வேண்டும். பிறகு நகரின் பொருளாதார மேம்பாட்டு அலுவலகத்தின் வழியாக ஊரின் பரிந்துரை கிடைக்க வேண்டும். அதன் பின்னரே நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். புதிய தொழிற்சாலைகளை ஊருக்கு வரவழைக்க வேண்டிய அலுவலகமே ஒரு லாரி மெக்கானிக்கின் காகிதங்களையும் புரட்டிப் பார்த்தது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. இந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, அது மிகச் சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

1999இல் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனம் இங்கே பெரிய பன்றி இறைச்சி ஆலையைத் திறந்தது. நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. நாள் முழுவதும் குளிர் அறையில் கத்தி பிடித்து நிற்க ஆட்கள்தான் போதவில்லை. வேலைக்குச் சேர்ந்தவர்களும் நிலைக்கவில்லை. ஆகவே 2000களின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்தும், அடுத்தடுத்து எல் சால்வடார், சீனா, கொலம்பியா, உக்ரைன், மொரிஷியஸ் போன்ற நாடுகளிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தற்காலிக அனுமதியில் வந்த இவர்கள், ஆறு மாதம் வேலை செய்த பிறகு மாகாணத்தின் நியமனத் திட்டத்தின் மூலம் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்ற வழி இருந்தது. 1998இலிருந்து மானிட்டோபா நடத்திவரும் திட்டம் அது. என் பார்வையில் இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியது ஆலையைவிட இந்த விதிதான். தனி ஆளாக வந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர் மனைவி மக்களோடு வீடு பிடித்தார். பள்ளிகளில் ஸ்பானியம் பேசும் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய மாவும் மிளகாயும் விற்கக் கடைகள் வந்தன. 2001இல் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை இருபது ஆண்டுகளில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாகன நிறுத்தத்தில் நின்ற கார்கள் ஒவ்வொன்றின் முகப்பிலிருந்தும் ஒரு மின்கம்பி தொங்குவதைப் பார்த்த என் மகள், இங்கே எல்லாமே மின்சாரக் கார்கள் என்று நினைத்துவிட்டாள். எஞ்சின் உறைந்துவிடாமல் இரவு முழுவதும் சூடு காட்டும் பிளாக் ஹீட்டருக்கான கம்பி அது. ஜனவரியில் ஒரு நாள், மைனஸ் 32 டிகிரியில், தெற்கே அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு லாரி நெடுஞ்சாலையிலேயே நின்றுவிட்டது. வடிகட்டியைக் கழற்றினேன், மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் போல டீசல் வெள்ளையாகக் கட்டியிருந்தது. குளிர்காலத்துக்கென்று கலக்கப்படும் டீசலை நிரப்பாமல் வந்திருக்கிறார் ஓட்டுநர். பதினான்கு ஆண்டுகளில் நான் பிரித்துப் பார்க்காத வடிகட்டி இல்லை என்று நினைத்திருந்தேன். டீசல் கட்டியாகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பக்கத்தில் நின்ற உள்ளூர் மெக்கானிக் ஒருவர், வடிகட்டியை மாற்றுவதில் தொடங்கி, பிரேக் குழாய்களில் ஈரம் உறையாமல் காப்பது வரை, அந்தக் குளிரிலும் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைத்தாலும் அப்படி ஒரு மனிதர் வேறு ஊரில் கிடைப்பாரா என்று இன்றும் யோசிப்பதுண்டு.

வீடு கிடைப்பது எளிதாக இல்லை. கனடாவில் கடன் வாங்கித் திருப்பிய வரலாறு இல்லை என்று மூன்று இடங்களில் மறுத்தார்கள். கடைசியில் எங்கள் பட்டறை மேலாளரே வீட்டுக்காரரிடம் பேசி எனக்காகப் பொறுப்பேற்றுக்கொண்டார்.

ஆனால் எங்களை இந்த ஊரிலிருந்து கிளப்பிவிடப் பார்த்தது குளிரும் அல்ல, வீடும் அல்ல. என் மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்து, சேலத்தில் ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனையில் பணிபுரிந்தவர். இங்கே செவிலியராகப் பதிவு செய்ய அவருடைய சான்றுகளை மதிப்பிட வேண்டும். அனுப்பிய மதிப்பெண் பட்டியல் வந்து சேரவில்லை என்று ஓர் அலுவலகம் சொன்னது. பெற்றுக்கொண்டதற்கான ரசீது எங்கள் கையிலேயே இருந்தது. மறுபடியும் அனுப்பினோம். ஐந்து மாதங்கள் போயின. அதுவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தார். செவிலியர் தேவை என்ற விளம்பரங்களைப் படித்துக்கொண்டே, பெரியவர்களைக் குளிப்பாட்டிவிட்டு அவர் வீடு திரும்பிய இரவுகளில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. என்னோடு சேர்ந்த பஞ்சாபி நண்பர் இதே காரணத்தால்தான் கால்கரி என்ற பெரிய நகரத்துக்குப் போனார். அவர் மனைவி கணக்காளர், இங்கே இரண்டு ஆண்டுகள் தேடியும் தன் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. நல்ல மெக்கானிக் ஒருவரை எங்கள் பட்டறை இழந்தது. அவரைக் கொண்டுவருவதற்குப் பட்ட பாடு அத்தனையும் வீணாயிற்று.

நாங்கள் தங்கினோம். மனைவிக்குப் பதிவு கிடைக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. 2019இல் தொடங்கிய அந்த முன்னோட்டத் திட்டம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. 2025 ஜனவரியில் பதினான்கு ஊர்களோடு அறிவிக்கப்பட்ட புதிய திட்டத்திலும் பிராண்டன் இடம்பெற்றது. அதன் பிறகு ஒரு நாள் முதலாளி என்னை அழைத்து, உங்கள் ஊரில் உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்களா என்று கேட்டார். என்னிடம் தொழில் கற்ற தம்பி ஒருவனை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். சம்பளத்தைக் கேட்டான், குளிரைக் கேட்டான். பிறகு, “அண்ணா, எங்க வீட்டுல லேப் டெக்னீசியனுங்க. அவளுக்கு அங்க வேலை கிடைக்குங்களா?” என்றான்.

மறுநாள் காலை அந்தக் கேள்வியை அப்படியே முதலாளியிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தப் பெண் என்ன படித்திருக்கிறார், எத்தனை ஆண்டு அனுபவம் என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்.