ஒரே வைரஸ், இரண்டு உடம்பு

2025 ஜூன் 2, திங்கள்

அண்ணனின் சி.டி. ஸ்கேன் அறிக்கை வந்துவிட்டது. கல்லீரலின் வலப்பக்கம் 4.6 செ.மீ. கட்டி. ஊசியில் சாய மருந்து ஏற்றியதும் கட்டி பளிச்சென்று தெரிந்து, கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடுகிறதாம். சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில் இப்படித் தெரிந்தால் சதை எடுத்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, புற்றுநோய்தான் என்றார் டாக்டர்.

அண்ணி அழுதார். அண்ணன் அழவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, ரெண்டு பேருக்கும் அம்மாகிட்ட இருந்துதானே வந்துச்சு? உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?"

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சொல்கிறார். பிரசவத்தின்போதே எங்கள் இருவருக்கும் தொற்றியது. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உயிரியல் டீச்சர் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

2025 ஜூன் 5, வியாழன்

உலகம் முழுக்கவே இந்தப் புற்றுநோய் பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். குடி, சிகரெட் என்று காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எலி குடிப்பதில்லையே!

சுண்டெலிக்குட்டிகளுக்கு டை-எதில் நைட்ரோசமீன் என்ற ரசாயனத்தைக் கொடுத்தால், பெரிதானதும் ஆண் எலிகள் அனேகமாக எல்லாவற்றுக்கும் கல்லீரல் புற்று வருகிறது. பெண் எலிகளில் 10 முதல் 30 சதவீதத்துக்குத்தான். ஏன் இப்படி என்று கலிஃபோர்னியாவில் மைக்கேல் கரீனின் ஆய்வகம் தேடி, 2007-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. கல்லீரலுக்குள்ளேயே குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. பக்கத்துச் செல்கள் செத்தால் அவை இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன. மிச்சமிருக்கும் செல்கள் அவசர அவசரமாகப் பெருகுகின்றன, சேதமான டி.என்.ஏ.வோடு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இந்தச் சுரப்பை அடக்கி வைக்கிறது. இன்டர்லூக்கின்-6 மரபணுவையே நீக்கிவிட்டால் ஆண் எலிக்கும் பெண் எலிக்கும் இருந்த அந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

ராத்திரி ரொம்ப நேரம் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்.

2025 ஜூன் 8, ஞாயிறு

மறுபாதி வைரஸிடம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸின் டி.என்.ஏ.வில் ஆண் ஹார்மோன் ஏற்பி (செல்லுக்குள் அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோடு சேர்ந்த ஏற்பி அங்கே உட்கார்ந்தால் வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகும். வைரஸும் சும்மா இருப்பதில்லை. அதன் எக்ஸ் புரதம் அதே ஏற்பியை முடுக்கிவிடுகிறது. இது அதைத் தூண்ட, அது இதைத் தூண்ட, அப்படியே பல வருஷம் ஓடுகிறது. தைவானில் ஆண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலும், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்தவர்களுக்கே இந்தப் புற்று அதிகம் வந்திருந்தது.

அண்ணனிடம் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப ஆம்பளையாப் பொறந்ததுதான் தப்பு"ன்னு சிரித்தார். வைரஸுக்கு மாத்திரை சாப்பிட்டார், சரி. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று சொல்லியிருந்தும் பல வருஷமாக அந்தப் பக்கமே போகாததைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

2025 ஜூன் 14, சனி

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல், சுண்டுவிரல் பக்கத்து மேடுகள் சிவந்திருக்கின்றன, நடுவில் வெளுப்பு. மார்பில் சிலந்தி மாதிரி சிவப்புக் கோடுகள். மார்பகமும் லேசாக வீங்கி வலிக்கிறதாம், அதை அண்ணியிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. இவையெல்லாம் ஈஸ்ட்ரோஜன் கூடியதன் அடையாளங்கள். சிரோசிஸ் வந்த ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது, இருப்பதிலும் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அதை உடைத்து வெளியேற்றக் கல்லீரலுக்குத் தெம்பில்லை. அப்படியானால் இப்போது அவருக்குப் பாதுகாப்பு அல்லவா இருக்க வேண்டும்?

இல்லை. கட்டிக்கான விதை விழுந்தது இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் இருக்கலாம். இன்றைக்கு ரத்தத்தில் இருக்கும் அளவு அந்த வருஷங்களைத் திருத்தாது. நான் புரிந்துகொண்டவரை இப்படித்தான்.

மார்பக வலிக்கு இன்னொரு காரணத்தையும் டாக்டர் சொன்னார்: வயிற்று நீருக்குக் கொடுத்த ஸ்பைரோனோலாக்டோன். அது ஆண் ஹார்மோன் ஏற்பியையும் அடைத்துவிடுமாம். வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

2025 ஜூன் 16, திங்கள்

அண்ணன் மகன் போன் பண்ணினான். "அத்தை, ஹார்மோன்தான் காரணம்னா அதைத் தடுக்கற மருந்து கொடுக்கலாமே? புராஸ்டேட்டுக்குக் கொடுக்கறாங்களே?" நல்ல கேள்விதான். இதைக் கேட்டவர்களில் இவன் முதல் ஆள் இல்லை.

முதலில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் இத்தாலியர்கள் 496 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையில் ஆயுள் கூடவில்லை. 2002-இல் ஆசிய-பசிபிக் நாடுகளில் டோஸை ஏற்றிப் பார்த்தபோது, அதிக டோஸ் எடுத்தவர்களின் கதி இன்னும் மோசமாக இருந்தது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளையும் ஐரோப்பாவில் சோதித்தார்கள், பலனில்லை. அதே வகையில் சமீபத்தில் வந்த என்ஸலூடமைடும் உதவவில்லை.

ஒரு எலி ஆய்வு இதற்கு விளக்கம் மாதிரி ஒன்று தருகிறது. ஆண் ஹார்மோன் ஏற்பி கட்டி தொடங்கத் துணைபோகிறது. ஆனால் கட்டி வளர்ந்த பிறகு அது பரவாமல் இழுத்துப் பிடிப்பதும் அதே ஏற்பிதானாம். மனிதர்களிலும் அப்படித்தானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோய் வர வைத்ததை நிறுத்தினால் வந்த நோய் போய்விடும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. அவனிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "சரி அத்தை" என்றான்.

2025 ஜூன் 24, செவ்வாய்

இந்தப் புற்று வந்த பிறகு யார் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்கள்? பெண்கள்தான், ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இளம் வயதுப் பெண்களிடம்தான் இது நன்றாகத் தெரிகிறது, வயது ஏற ஏற மங்குகிறது. மாதவிடாய் நிற்பதோடு இதை முடிச்சுப் போட ஆசை வருகிறது. ஆனால் பல ஆய்வுகளில் பெண்களின் கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் ஸ்கேனுக்கும் ஒழுங்காகப் போயிருக்கிறார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோனின் பங்கு சுருங்கிவிடுகிறது.

பெண்களுக்குப் பாதகமான கணக்கும் ஒன்று உண்டு. மாற்றுக் கல்லீரல் வரிசையைத் தீர்மானிக்கும் மெல்ட் மதிப்பெண்ணில் கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவுப் பொருள்) அளவும் சேர்கிறது. தசை குறைவாக இருப்பதால் பெண்களுக்கு அது இயல்பாகவே குறைவு, அதனால் நோய் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிந்து பின்னால் தள்ளப்பட்டார்கள். 2023-இல் அமெரிக்காவில் புது மெல்ட் வந்தபோதுதான் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டினார்கள். இவ்வளவு வருஷம் இது யார் கண்ணிலும் உறுத்தவில்லையா?

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை மருந்து விட்டு அடைக்கும் சிகிச்சை.

2025 ஜூலை 1, செவ்வாய்

சிகிச்சை முடிந்து இரண்டு நாள் காய்ச்சலும் வலப்பக்க வலியும். எதிர்பார்த்ததுதான் என்றார்கள், இப்போது பரவாயில்லை.

இன்று எனக்கு ஸ்கேன். ஹெபடைடிஸ் பி உள்ள ஆசிய ஆண்களுக்கு 40 வயதிலிருந்தும் பெண்களுக்கு 50-லிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டல். அந்தப் பத்து வருஷ இடைவெளியைத்தான் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு 51, மாதவிடாயும் நின்றுவிட்டது. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விலா எலும்புக்குக் கீழே அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். கட்டி எதுவும் இல்லை. கல்லீரல் புற்றுக்கான ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. அடுத்தது ஜனவரியில்.

அண்ணனுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் சி.டி., கட்டியில் உயிரோடு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க. தேதியை என் போனிலும் அண்ணி போனிலும் போட்டாயிற்று. அவர் போனில் போடவில்லை, அழித்துவிடுவார்.