ஒன்பதரைக் குழி

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலம். "நீயாவது சேத்துல கால் வைக்காம சம்பாதிடா" என்று சொல்லிச் சொல்லியே என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். நானும் பேச்சைத் தட்டாமல் முப்பத்தாறு வயதுவரை காலில் சேறு படாமல் காலத்தை ஓட்டினேன். இங்கிலாந்து வந்துதான் எல்லாம் தலைகீழானது.

2021 அக்டோபரில் லெஸ்டருக்கு வந்தோம். எழுத்தைப் பார்த்து 'லைசெஸ்டர்' என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவர்கூடத் திருத்தவில்லை, அது இந்த ஊர் மரியாதை. மனைவிக்கு நர்ஸ் வேலை. நானும் எட்டு வயது மகளும் அவளை அண்டி வந்தவர்கள், விசாவிலும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருக்கும். அவள் காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டரைக்கு வருவாள். மகள் பள்ளிக்குப் போய்விடுவாள். நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மதியம் சாப்பிட்டுக் கண் அசந்து எழுந்தால் ராத்திரி. அந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சமையல் கற்றுக்கொண்டது அப்போதுதான். இரவு அவள் வரும்போது சூடாக ஒரு ரசமாவது இருக்க வேண்டுமே. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வேன். "கடுகு வெடிச்சுதா? சத்தம் கேக்கலியே" என்பார் அம்மா. இங்கே அடுப்புக்கு மேல் புகை அலாரம் இருக்கிறது. மிளகாய் தாளித்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறும். முதல் மாதம் அது அலறும்போதெல்லாம் மகள் துண்டை எடுத்து விசிறுவாள். அது அவளுக்கு ஒரு விளையாட்டு.

அடுத்த வசந்தத்தில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேறு வழியாக நடந்து வந்தபோது ஒரு வேலிக்குப் பின்னால் பாத்திகளைப் பார்த்தேன். தகரக் கொட்டகைகள், மழைநீர்ப் பீப்பாய்கள், முட்டியிட்டுக் களை எடுக்கும் வயசாளிகள். அதற்குப் பெயர் அலாட்மென்ட். வீட்டோடு தோட்டம் இல்லாதவர்களும் பயிர் வைக்க உள்ளாட்சி குறைந்த வாடகைக்கு விடும் நிலம். மக்கள் கேட்டால் இடம் ஒதுக்க வேண்டும் என்று 1908-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கிச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 'வெற்றிக்காகத் தோண்டு' என்று அரசாங்கமே எல்லோர் கையிலும் மண்வெட்டியைக் கொடுத்ததாம். பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன். 2023 பிப்ரவரியில் சாவி கிடைத்தது.

கிடைத்தது அரை அலாட்மென்ட். இதை இன்னும் கோல் கணக்கில்தான் சொல்கிறார்கள். முழுசு என்றால் 10 கோல், எனக்கு 5. நம் ஊரிலும் சோழர் காலத்தில் நிலத்தைக் கோலால் அளந்தவர்கள்தானே. ஒரு கோல் என்பது பதினாறரை அடி நீளம், பதினாறரை அடி அகலம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கணக்குப் போடுவதற்குக் காகிதம் தேடுகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். ஊர்க் கணக்கில் நூறு குழி ஒரு மா.

"ஒன்பதரைக் குழி. நாத்தங்கால் விடக்கூடப் பத்தாதேடா."

சிரித்துவிட்டு, "மண்ணு என்ன மண்ணு, காட்டு" என்றார். ஒரு கட்டியை எடுத்துக் காமிராவுக்கு முன்னால் பிதுக்கிக் காட்டினேன். அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. "அட, நம்ம களிடா!"

லெஸ்டர் பக்கம் மண் அப்படித்தான். மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். இத்தனை மாதம் சும்மா இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கே கொத்த ஆரம்பித்தேன். அப்பா போனிலிருந்து கத்தினார். "ஈரக்களியில கொத்துனா செங்கல்லுதான் விளையும். பதம் வரட்டும். ஒரு பிடி எடுத்து உருட்டி கீழ போடு. உதிரணும். அப்புறம் இறங்கு." நான் போனை வைத்த கையோடு, அடுத்த பாத்தியில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி நிமிர்ந்து, "பூட்ஸில் மண் ஒட்டினால் இறங்காதே, தம்பி" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். எண்பதை நெருங்கியவர். அந்தப் பாத்தி அவருடைய அப்பா போர்க்காலத்தில் தோண்டியதாம். தமிழ் தெரியாத அவரும் ஆங்கிலம் தெரியாத எங்கள் அப்பாவும் ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே விஷயத்துக்காக என்னைத் திட்டினார்கள்.

மூன்று வாரம் காத்திருந்தேன். பதம் வந்தது. அப்போதுதான் என்னிடம் உருப்படியான கருவி ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. மலிவாக வாங்கிய மண்வெட்டி இரண்டாம் நாளே காம்பு முறிந்துவிட்டது. மறுநாள் போனால் என் கொட்டகைக் கதவில் நாலு பல் ஃபோர்க் ஒன்று சாய்ந்து நிற்கிறது. மரக்காம்பு, கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருந்தது. யார் வைத்தது என்று விசாரித்தால், "காக்காதான்" என்றார்கள்.

குஜராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா. அந்தத் தோட்டம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர். வெள்ளைக்காரப் பாட்டிகூடக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அப்பாவிடம் "காக்கா ஃபோர்க் குடுத்துச்சுப்பா" என்று ஆரம்பித்து, பிறகு விளங்க வைக்கக் கால் மணி நேரம் ஆனது. இன்றைக்கும் அப்பா, "உன் காக்கா என்ன கரையுது?" என்றுதான் கேட்பார்.

காக்கா உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். 1972-இல் அந்த நாட்டு அதிபர் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் நாட்டை விட்டுப் போகச் சொன்னபோது வயது பத்தொன்பது. கடையும் வீடும் அங்கேயே போயின. குடும்பத்தோடு கொஞ்ச நாள் சஃபோக்கில் பழைய விமானப்படை முகாமில் இருந்திருக்கிறார். அவர்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே லெஸ்டர் நகராட்சி, அந்த ஊர் 'உகாண்டா ஆர்கஸ்' பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது: வீடுகள் நிரம்பிவிட்டன, பள்ளிகள் நிரம்பிவிட்டன, எங்கள் ஊருக்கு வராதீர்கள். இதைக் காக்கா சொல்லும்போது அவர் தோள் குலுங்கும். "அதைப் படிச்சப்புறம்தான் திக்ரா (மகனே), லெஸ்டர்னு ஒரு ஊர் இருக்கிறதே எங்களுக்குத் தெரியும்." இப்போது பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு விளக்குப் போடுவது அதே நகராட்சிதான். காக்கா அதையெல்லாம் பெரிதாகப் பேசமாட்டார். "அவங்க பயந்தாங்க, நாங்களும் பயந்தோம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வெந்தயக்கீரை பக்கம் போய்விடுவார்.

விதை விஷயத்தில் அப்பாவுக்கு வருத்தம். கத்தரி விதையை அப்பளத்துக்குள் வைத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். சான்றிதழ் இல்லாமல் விதை வரக் கூடாது என்றேன். காக்கா அஞ்சறைப் பெட்டியைக் காட்டினார். கடையில் சமைக்க வாங்கிய வெந்தயம், கொத்தமல்லி, கடுகு மூன்றும் அப்படியே முளைத்தன. கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் அவசரப்பட்டு ஏப்ரலிலேயே அவரை மாதிரி இருக்கும் ரன்னர் பீன்ஸையும் வெளியே நட்டேன். "மே கடைசி வரைக்கும் பொறு" என்று காக்காவும் பாட்டியும் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு தெளிந்த இரவில் உறைபனி விழுந்தது. காலையில் இருபது கன்றும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கின. ஆடிப்பட்டம் தேடி விதை என்று படித்தவன்தான் நான், இங்கே எந்தப் பட்டம் என்று தேடத்தான் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து வாசலில் ஒரு தட்டு நிறைய பீன்ஸ் கன்று இருந்தது. சீட்டு எதுவும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் யாரையும் சட்டென்று வீட்டுக்குக் கூப்பிடமாட்டார்கள், இரண்டு வருடம் பழகினாலும் சம்பளம் என்ன என்று கேட்கமாட்டார்கள். ஆனால் உங்கள் பயிர் செத்ததைப் பார்த்திருப்பார்கள்.

பாட்டி தந்த முதல் விளைச்சல் ருபார்ப். செந்தண்டு, கையகலத்துக்கும் பெரிய இலை. இலை விஷம், வெட்டி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் சர்க்கரை போட்டு வேகவை என்றார். வீட்டில் ஒரு துண்டைக் கடித்ததும் காது வரை புளித்தது. மனைவி, "என்னங்க, இது நம்ம புளிச்சகீரை ஜாதி. சர்க்கரையப் போட்டுக் கெடுக்காதீங்க" என்றாள். நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்து, நறுக்கிய தண்டைத் தண்ணீர் ஊற்றாமல் போட்டோம். அஞ்சே நிமிடத்தில் நார் நாராகக் குழைந்து தண்ணீராக விட்டுக்கொண்டது. புளி வேண்டாம். வறுத்துப் பொடித்த வெந்தயம், உப்பு, கொஞ்சம் வெல்லம் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுருட்டினோம். அருமையான தொக்கு. நிறம் மட்டும் கொஞ்சம் மட்டம், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பாட்டில் பாட்டிக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் காலி பாட்டிலைக் கழுவித் திருப்பித் தந்தார். ரெட் லெஸ்டர் சீஸ் வைத்த ரொட்டியில் தடவித் தின்றாராம். கூடவே ஆறு முட்டை வைத்த ஒரு டப்பாவும் இருந்தது. காலி பாத்திரத்தைத் திருப்பித் தரக் கூடாது என்பது அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

களையிலும் ஒரு அதிசயம். உழுத இடமெல்லாம் சாம்பல் பூத்த இலையோடு ஒரு செடி தானாக முளைத்தது. இங்கே அதற்கு 'கொழுத்த கோழி' என்று பொருள்படும் பெயர். பாட்டி பிடுங்கிப் பிடுங்கி உரக்குழியில் எறிவார். அம்மா போனில் பார்த்துவிட்டு, "சக்கரவர்த்திக் கீரைய யாருடா குப்பைல போடறது?" என்று கோபித்துக்கொண்டார். காக்காவும் அதேதான் என்றார், அவர் வீட்டில் பருப்போடு செய்வார்களாம். அன்றிலிருந்து பாட்டி அதைக் கட்டாகக் கட்டி என் கொட்டகை வாசலில் வைக்கிறார். ஒருபோதும் தின்று பார்த்ததில்லை. களை என்றால் அவருக்குக் களைதான்.

ஃபோர்க்கை ஊன்றி மண்ணைப் புரட்டினால் ஒரு குருவி, மார்பு செம்பழுப்பாக, ராபின் என்பார்கள், காலடியிலேயே வந்து உட்காரும். புழுவுக்காகத்தான். உழும் மாட்டுக்குப் பின்னால் கொக்கு வருமே, அது மாதிரி. மகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாள்.

அந்த ஜூலையில் இங்கே மழை விடவில்லை. சுரைக்காயை காக்காவின் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ஏற்றியிருந்தோம். வெளியே சீமைச் சுரைக்காய் மட்டும் கொள்ளை கொள்ளையாகக் காய்த்தது. யார் வீட்டிலும் இனி இடமில்லாமல், இரவில் ஒருவர் வாசலில் ஒருவர் வைத்துவிட்டு ஓடினார்கள். நான் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை. குறுவை வெடித்துக் கிடந்தது. ஒன்பது மாவுக்குத் தண்ணீர் இல்லாதவரிடம் ஒன்பதரைக் குழிக்காரன் மழை அதிகம் என்று எப்படிப் புலம்புவது.

ஒரு சனிக்கிழமை பெருமழைக்குக் காக்காவின் தகரக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தோம். இஞ்சி தட்டிப் போட்ட டீ, அவர் மனைவி கொடுத்துவிட்ட தேப்லா ரொட்டி. அப்பா கால் வந்தது. எடுத்தேன். காக்கா போனை வாங்கிக்கொண்டு, அன்று அறுத்த சுரைக்காயைத் தூக்கிக் காட்டி, "தூதி, தூதி" என்றார். அப்பா, "பிஞ்சா இருக்கு, நல்ல காய், கூட்டு வைக்கச் சொல்லு" என்று தமிழிலேயே பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். தகரத்தில் சத்தம் கூடியது.

"அது என்னடா சத்தம்?"

"மழைப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "காமிராவைத் திருப்பு" என்றார்.

கதவைத் திறந்து, போனைக் கை நீட்டி வெளியே பிடித்தேன். பீன்ஸ் பந்தல், பாட்டியின் ருபார்ப் இலைகள், பாத்திகளுக்கு இடையே ஓடும் தண்ணீர். சட்டைக் கை முழுக்க நனைந்தது. திருப்பட்டுமா என்று கேட்டதற்கு, "இரு, இரு" என்றார்.